மெனுவும் ஃபுட்டரும் அடங்க மறுக்கும்போது எங்கே பார்க்க வேண்டும்

உங்கள் இணையதளத்தின் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பற்றி நீங்கள் சொன்ன தொல்லைகள் நான்கு. மெனு இணைப்புகளுக்கு நடுவே யாரும் கேட்காத இடைவெளி வருகிறது. சுட்டியைக் கொண்டுபோனால் திறக்கும் துணைமெனு, கீழே உள்ள ஸ்லைடருக்குப் பின்னால் போய்விடுகிறது. மொபைலில் பக்கம் இடமும் வலமுமாக ஆடுகிறது. உள்ளடக்கம் குறைவான பக்கங்களில், அடியில் இருக்க வேண்டிய ஃபுட்டர் நடுத்திரையில் வந்து நிற்கிறது. எது எதன் மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் எண்ணான இஸட்-இண்டெக்ஸை, துணைமெனுவுக்கு 9999 வரை ஏற்றியும் பலனில்லை என்கிறீர்கள். இன்னொரு 9 சேர்த்தாலும் பலன் இருக்காது. அது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற மூன்றையும் எங்கே தேட வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இஸட்-இண்டெக்ஸ் பக்கம் முழுவதற்கும் பொதுவான ஒரே வரிசை இல்லை. சில பண்புகள் ஒரு எலிமெண்டின் (பக்கத்தில் உள்ள ஒரு பெட்டியின்) மேல் விழுந்த உடனே அது தனக்கென ஒரு ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்டை, அதாவது தனி அடுக்கு வரிசையை, உண்டாக்கிக்கொள்கிறது. அதற்குள் இருப்பவை எவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டாலும் தங்களுக்குள்தான் மோதிக்கொள்ள முடியும். வெளியே செல்லுபடியாவது பேரன்டின் (அவற்றைச் சூழ்ந்த எலிமெண்டின்) எண் மட்டுமே. இரண்டாம் மாடியில் நாற்காலி போட்டு ஏறி நின்றாலும் ஐந்தாம் மாடிக்காரரைவிட உயரமாகிவிட முடியாது அல்லவா, அதே கணக்கு.

உங்கள் பக்கத்தில் நடப்பது இதுதான். மெனு இருக்கும் மேல்பட்டையான ஹெடருக்கு பொசிஷன் ரிலேட்டிவ், இஸட்-இண்டெக்ஸ் 1. ஸ்லைடருக்கு பொசிஷன் ரிலேட்டிவ், இஸட்-இண்டெக்ஸ் 2. துணைமெனு ஹெடருக்குள் இருக்கிறது. பிரௌசர் ஒப்பிடுவது 9999-ஐயும் 2-ஐயும் அல்ல, 1-ஐயும் 2-ஐயும். ஸ்லைடர் ஜெயிக்கிறது. ஹெடரின் எண்ணை 10 ஆக்கினால் உடனே சரியாகும். ஆனால் நான் கைவைப்பது ஸ்லைடரில்தான். உள்ளே இருக்கும் அம்புக்குறிகளுக்காகவும் புள்ளிகளுக்காகவும் யாரோ எண்களை வைத்திருப்பார்கள். அதன் வெளிப்பெட்டியில் இருக்கும் இஸட்-இண்டெக்ஸை எடுத்துவிட்டு 'ஐசொலேஷன்: ஐசொலேட்' என்று ஒரு வரி சேர்த்தால் அந்த எண்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஹெடருக்கு வைத்த 1 அப்படியே போதும்.

இஸட்-இண்டெக்ஸ் எழுதினால்தான் இந்தத் தனிச் சூழல் உண்டாகும் என்று நினைக்காதீர்கள். ஒபாசிட்டி 1-க்குக் கீழே இறங்கினால் போதும். டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், பேக்டிராப்-ஃபில்டர் ஆகியவையும் உண்டாக்கும். பொசிஷன் ஃபிக்ஸட், ஸ்டிக்கி இரண்டும் எண்ணே இல்லாமல் உண்டாக்கும். அழகுக்காக ஹெடரில் ஒபாசிட்டி 0.98 போட்டுவிட்டு, துணைமெனு ஏன் மேலே வரவில்லை என்று அரை நாள் தேடுகிறவர்கள் உண்டு.

துணைமெனு பின்னால் போகவில்லை, ஹெடரின் கீழ்விளிம்போடு கத்தரித்தாற்போல நிற்கிறது என்றால் அது வேறு நோய். ஹெடரிலோ, மெனுவைச் சுற்றிய டிவ்விலோ 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' இருக்கும். அது அங்கே வந்த காரணம் பழைய காலத்தது. மெனுவின் உருப்படிகளான எல்ஐ எல்லாவற்றையும் ஃப்ளோட் லெஃப்ட் செய்தால் (இடப்பக்கம் ஒதுக்கினால்) பேரன்டின் உயரம் பூஜ்யமாகி, பின்னணி நிறம் காணாமல் போகும். ஃப்ளோட்டான எலிமெண்ட்களை பேரன்ட் தன் உயரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டால் சேர்த்துக்கொள்ளும் என்பதால் எல்லோரும் அதையே போட்டார்கள். உயரம் திரும்ப வந்தது, துணைமெனு போனது. பழைய டெம்ப்ளேட்டில் ஃப்ளோட்டை எடுக்க முடியாத நிலை என்றால் ஓவர்ஃப்ளோவுக்குப் பதில் 'டிஸ்ப்ளே: ஃப்ளோ-ரூட்' போடுங்கள். உயரமும் கிடைக்கும், எதையும் வெட்டாது. எடுக்க முடியும் என்றால் ஃப்ளோட்டை எடுத்துவிட்டு, எல்ஐக்களைச் சூழ்ந்த பட்டியலான யுஎல்லுக்கு 'டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்' கொடுத்துவிடுங்கள்.

இதில் பலரைக் கவிழ்க்கும் ஒரு பள்ளம் உண்டு. மொபைலில் மெனுவைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வசதியாக 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ' போடுவார்கள். துணைமெனு கீழே தொங்க வேண்டுமே என்று 'ஓவர்ஃப்ளோ-ஒய்: விசிபிள்' என்றும் எழுதுவார்கள். விதிப்படி ஒரு திசை ஆட்டோவோ ஹிடனோ ஆனால் மறு திசையின் விசிபிளும் ஆட்டோவாகவே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே பக்கவாட்டில் உருளும் மெனுவும் அதிலிருந்து கீழே தொங்கும் துணைமெனுவும் சாதாரண வழியில் ஒன்றாக இருக்க முடியாது. இரண்டும் வேண்டும் என்றால் பாப்ஓவர் ஆட்ரிபியூட் கைகொடுக்கும். 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸ் 125-லும் வந்துவிட்டதால் முக்கிய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பாப்ஓவர் பக்கத்தின் உச்ச அடுக்கில் திறக்கும். ஓவர்ஃப்ளோவும் கட்டுப்படுத்தாது, இஸட்-இண்டெக்ஸும் கட்டுப்படுத்தாது. ஆனால் இயல்பாகத் திரையின் நடுவில் வந்து நிற்கும், பொத்தானுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துவது உங்கள் வேலை.

துணைமெனு மூலையில் போய்த் திறந்தால் அந்த எல்ஐக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். சுட்டியை இறக்கும்போதே மூடிக்கொண்டால் துணைமெனுவுக்கு மார்ஜின்-டாப் கொடுத்திருக்கிறீர்கள். மார்ஜின் அந்த எலிமெண்டின் பகுதி இல்லை, சுட்டி அந்த வெற்றிடத்தைத் தொட்டதும் ஹோவர் அறுந்துவிடும். டாப் 100 சதவீதம் வைத்து, இடைவெளியை பேடிங்காக (பெட்டிக்குள்ளேயே விடும் இடமாக) கொடுங்கள். ஹோவர் எழுதும் இடத்திலெல்லாம் ஃபோகஸ்-விதினையும் சேர்த்து எழுதிவிடுங்கள், கீபோர்டில் வருகிறவர்களுக்கும் மெனு திறக்க வேண்டும்.

மொபைல் மெனு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சீக்கிரமே கேட்பீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். மூன்று கோடு பொத்தானை அழுத்தினால் திரை முழுக்க விரிய வேண்டிய மெனு, ஹெடரின் உயரத்துக்குள் 60 பிக்சல் பட்டையாகச் சுருங்கி நிற்கும். பொசிஷன் ஃபிக்ஸட், இன்செட் 0, எல்லாம் சரியாகவே இருக்கும். காரணம், ஹெடருக்குக் கண்ணாடிபோல மங்கலான தோற்றம் வேண்டும் என்று போட்ட பேக்டிராப்-ஃபில்டர். ஃபிக்ஸட் எலிமெண்ட் திரையை வைத்துத்தான் அளவெடுக்கும் என்பது பாதி உண்மை. அதைச் சூழ்ந்துள்ள எலிமெண்ட்களில் எதற்காவது டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், பேக்டிராப்-ஃபில்டர் இருந்தால் அந்த எலிமெண்டையே திரையாக எடுத்துக்கொள்ளும். மெனுவை ஹெடருக்கு வெளியே எடுத்து வைக்கலாம். ஹெச்டிஎம்எல்லைத் தொட முடியாது என்றால் அந்த மங்கல் விளைவை ஹெடரிலிருந்து எடுத்து அதன் பிஃபோர் சூடோ-எலிமெண்டில் (சிஎஸ்எஸ் மட்டுமே உண்டாக்கும் கூடுதல் பெட்டியில்) போட்டுவிடலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, மெனுவும் முழுத்திரைக்கு விரியும்.

இனி இணைப்புகளுக்கு நடுவே வரும் இடைவெளி. எல்ஐக்கள் இன்லைன்-பிளாக் ஆக இருப்பதால் வருவது அது. ஹெச்டிஎம்எல்லில் ஒரு எல்ஐக்கும் அடுத்ததற்கும் நடுவே நீங்கள் அடித்த என்டரை பிரௌசர் ஒரு வெற்றெழுத்தாக வரைகிறது. எழுத்து அளவு 16 பிக்சல் என்றால் ஏறத்தாழ 4 பிக்சல். மார்ஜினை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது மார்ஜினே இல்லை. யுஎல்லுக்கு ஃபான்ட்-சைஸ் 0 கொடுப்பது, நடுவில் கமென்ட் போடுவது, மைனஸ் மார்ஜின் வைப்பது என்று ஒரு காலத்தில் இதற்கு நாட்டு வைத்தியங்கள் நிறைய இருந்தன. இன்று யுஎல்லுக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் கொடுத்தால் அந்த வெற்றெழுத்து வரையப்படுவதே இல்லை. வேண்டிய இடைவெளியை கேப் பண்பில் சொல்லிவிடுங்கள். ஃப்ளெக்ஸில் கேப் சஃபாரிக்கு 2021-ல் 14.1 பதிப்பில்தான் வந்தது. அதனால்தான் பழைய விளக்கங்களில் கடைசி எலிமெண்டின் மார்ஜினை மட்டும் நீக்கும் வரிகளைப் பார்க்கிறீர்கள். இப்போது அவை தேவையில்லை. யுஎல்லுக்கு பிரௌசர் தானாகவே இடப்பக்கம் 40 பிக்சல் பேடிங் வைக்கும். மெனு நடுவில் நிற்காமல் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் முதலில் அதைப் பூஜ்யமாக்குங்கள்.

பேடிங் வைக்க வேண்டிய இடம் இணைப்பை உண்டாக்கும் ஏ டேக், எல்ஐ அல்ல. எல்ஐயில் வைத்தால் பெட்டி பெரிதாகத் தெரியும், ஆனால் எழுத்தின் மேல் சரியாகத் தொட்டால்தான் இணைப்பு வேலை செய்யும். ஏ டேகில் வைக்கும்போது அதை டிஸ்ப்ளே பிளாக் ஆக்கிவிடுங்கள். இன்லைனாக விட்டால் மேல்கீழ் பேடிங் வரியின் உயரத்தில் சேராது. மெனு இரண்டு வரியாக மடியும்போது பின்னணி நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தொடுபரப்பு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் வெளியான, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்கான வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2 சொல்கிறது. விரலுக்கு அதுவும் சிறிதுதான், நான் 44-க்குக் குறைப்பதில்லை.

ஃப்ளெக்ஸுக்கு மாறிய பிறகு புதிதாக ஒன்று முளைக்கும். இடம் போதாதபோது லோகோ நசுங்கும். லோகோவுக்கு 'ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்க்: 0' கொடுங்கள், மெனுவுக்கு 'ஃப்ளெக்ஸ்-ரேப்: ரேப்' கொடுங்கள். மெனுவுக்கு உயரத்தை பிக்சலில் கட்டாதீர்கள். ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு தமிழில் போட்டால் சொற்கள் நீள்வதால் இரண்டாம் வரிக்கு மடியும், கட்டிவைத்த உயரத்தைத் தாண்டிக் கீழே வழியும். உள்நுழைவுப் பொத்தானை மட்டும் வலக்கோடிக்குத் தள்ள தனி டிவ் எல்லாம் வேண்டாம், அதற்கு 'மார்ஜின்-லெஃப்ட்: ஆட்டோ' போதும்.

பக்கம் இடவலமாக ஆடுவதற்கு வருவோம். அநேகமாக மூன்றில் ஒன்று. அகலம் 100 சதவீதம் வைத்து இருபுறமும் 20 பிக்சல் பேடிங் கொடுத்தால், 360 பிக்சல் திரையில் பெட்டியின் மொத்த அகலம் 400. பாக்ஸ்-சைஸிங்கை எல்லா எலிமெண்ட்களுக்கும் பார்டர்-பாக்ஸ் ஆக்கினால் பேடிங் அகலத்துக்குள்ளேயே அடங்கும். இரண்டாவது, ஹெடருக்கோ ஃபுட்டருக்கோ அகலமாக 100விடபிள்யூ (திரையின் முழு அகலம்) எழுதியிருப்பது. அது ஸ்க்ரோல்பாரின் அகலத்தையும் சேர்த்து அளக்கும். கணினியில் ஸ்க்ரோல்பார் இடம் பிடிக்கும் பிரௌசர்களில் அந்த அகலம் அளவுக்கு வெளியே துருத்தும். பிளாக் எலிமெண்டுக்கு அகலமே எழுத வேண்டியதில்லை, அதுவாகவே நிரம்பும். மூன்றாவது, மூடியிருக்கும்போது வலப்பக்கம் திரைக்கு வெளியே ஒளித்துவைத்த மொபைல் மெனு. வலப்பக்கம் துருத்துவது ஸ்க்ரோலை உண்டாக்கும், இடப்பக்கம் துருத்துவது உண்டாக்காது. மெனுவை இடப்பக்கம் வைத்த தளங்களில் இந்தத் தொல்லை இல்லாததற்கு அதுதான் காரணம்.

எது துருத்துகிறது என்று பார்க்க எல்லா எலிமெண்ட்களுக்கும் ஒரு பிக்சல் சிவப்பு அவுட்லைன் கொடுங்கள். பார்டர் கொடுத்தால் அதுவே இடம் பிடித்துக் கணக்கைக் கெடுக்கும், அவுட்லைன் இடம் பிடிக்காது.

இங்கே பலரும் செய்வது, ஹெச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன்' எழுதி மூடிவிடுவது. ஆட்டம் நிற்கும், ஆனால் மேலே ஒட்டி நிற்க வேண்டிய ஸ்டிக்கி ஹெடர் வேலை செய்யாமல் போகும். ஸ்டிக்கி தனக்கு மிக அருகில் உள்ள ஸ்க்ரோல் பெட்டியைத்தான் பிடித்துக்கொள்ளும். ஹிடன் எழுதிய எலிமெண்டும் ஸ்க்ரோல் பெட்டிதான், உருளாவிட்டாலும். இரண்டிலும் எழுதினால் பாடி அப்படி ஒரு பெட்டியாகிவிடுகிறது, சுற்றி ஒரு ரேப்பர் டிவ் வைத்து அதில் எழுதினாலும் அதே கதி. வெட்டியே ஆக வேண்டும் என்றால் அந்த ரேப்பரில் ஹிடனுக்குப் பதில் கிளிப் போடுங்கள். கிளிப் வெட்டும், ஸ்க்ரோல் பெட்டியாக ஆக்காது. ஸ்டிக்கி அப்போதும் ஒட்டவில்லை என்றால் டாப் மதிப்பு கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். அதுவும் இருந்தால், ஹெடரைச் சுற்றி அதே உயரத்தில் ஒரு டிவ் இருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கி தன் பேரன்டின் எல்லையைத் தாண்டாது, பேரன்ட் 70 பிக்சல் உயரம் என்றால் நகர இடமே இல்லை. ஸ்டிக்கியை அந்த வெளி டிவ்வுக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஒட்டி நிற்கும் ஹெடர் பக்கத்துக்குள்ளேயே தாவும் இணைப்புகளின் தலைப்பை மறைக்கும். ஹெச்டிஎம்எல்லில் ஸ்க்ரோல்-பேடிங்-டாப் பண்புக்கு ஹெடரின் உயரத்தைக் கொடுங்கள்.

கடைசியாக ஃபுட்டர். அதை அடிக்கு இறக்க பலரும் பொசிஷன் ஆப்சல்யூட், பாட்டம் 0 வைப்பார்கள். சிறிய பக்கத்தில் அழகாக அடியில் உட்காரும். நீளமான பக்கத்தில் முதல் திரையின் அடியில் நின்று எழுத்துகளை மறைக்கும், ஏனென்றால் பொசிஷன் கொடுத்த பேரன்ட் எதுவும் இல்லாதபோது அது அளவெடுப்பது முதல் திரையின் உயரத்தை. ஃபிக்ஸட் போட்டால் எப்போதும் மறைக்கும். இரண்டையும் விட்டுவிட்டு, பாடிக்கு 'மின்-ஹைட்: 100விஹெச்' (குறைந்தது திரையின் முழு உயரம்), 'டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்', 'ஃப்ளெக்ஸ்-டைரெக்ஷன்: காலம்' என்று மூன்று வரி, ஃபுட்டருக்கு 'மார்ஜின்-டாப்: ஆட்டோ' என்று ஒரு வரி. உள்ளடக்கம் குறைந்தால் ஃபுட்டர் அடிக்குத் தள்ளப்படும், நிறைந்தால் அது முடிந்த பிறகு அதற்குக் கீழே வரும்.

கிரிட்டில் ஆட்டோ, 1எஃப்ஆர் (மீதி இடம் முழுவதும்), ஆட்டோ என்று மூன்று வரிசை வைத்தும் செய்யலாம். ஆனால் நாளைக்கு யாராவது ஹெடருக்கு மேலே ஓர் அறிவிப்புப் பட்டையைச் சேர்த்தால் 1எஃப்ஆர் ஹெடருக்குப் போய்விடும், ஹெடர் திரை முழுக்க வீங்கும். அதனால் எனக்கு மார்ஜின் ஆட்டோதான் பிடிக்கும்.

இதைச் செய்தும் ஃபுட்டர் இறங்கவில்லை என்றால், பிரௌசருக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் பாடிக்கு நேர் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் பாடிக்குள் ரூட் என்ற ஒரே டிவ் இருக்கும், ஹெடரும் மெயினும் ஃபுட்டரும் அதற்குள் இருக்கும். ஃப்ளெக்ஸ் தன் நேரடிப் பிள்ளைகளை மட்டுமே அடுக்கும், பேரப்பிள்ளைகளைத் தொடாது. அந்த மூன்று வரிகளையும் பாடியிலிருந்து ரூட்டுக்கு மாற்றுங்கள்.

மாற்றியதும் ஒரு பக்கவிளைவு வரலாம். மெயினுக்கு மேக்ஸ்-விட்த் வைத்து, இருபுறமும் மார்ஜின் ஆட்டோ கொடுத்து நடுவில் நிறுத்தியிருந்தால், அது திடீரென உள்ளடக்கத்தின் அகலத்துக்குச் சுருங்கும். ஃப்ளெக்ஸில் பக்கவாட்டு ஆட்டோ மார்ஜின் வந்தால் நீட்சி ரத்தாகிவிடும். மெயினுக்கு அகலம் 100 சதவீதம் என்று சேர்த்தால் பழையபடி நிற்கும்.

மொபைலில் 100விஹெச் என்பது முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது கிடைக்கும் பெரிய உயரம். பட்டை தெரியும்போது ஃபுட்டரின் ஓரம் திரைக்குக் கீழே போய்விடும். 2022 முடிவதற்குள் முக்கிய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் எஸ்விஹெச் (பட்டை தெரியும்போது கிடைக்கும் சிறிய உயரம்), டிவிஹெச் அலகுகள் வந்துவிட்டன. டிவிஹெச் பட்டையோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும், பக்கம் துள்ளும். ஃபுட்டருக்கு எஸ்விஹெச் தான் பொருத்தம். 100விஹெச் வரியை அப்படியே விட்டு அதற்கு அடுத்த வரியில் 100எஸ்விஹெச் எழுதினால், புரியாத பழைய பிரௌசர் முதல் வரியோடு நின்றுகொள்ளும்.

ஃபுட்டருக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு போல இடைவெளி தெரிகிறது என்றும் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். ஃபுட்டருக்குள் இருக்கும் முதல் தலைப்பின் மேல் மார்ஜின், ஃபுட்டரைத் தாண்டி வெளியே கசிகிறது. ஃபுட்டருக்கு பேடிங்கோ பார்டரோ இல்லாதபோது இப்படி நடக்கும். பாடியை ஃப்ளெக்ஸ் ஆக்கியதும் இது தானாகவே நின்றுவிடும், ஃப்ளெக்ஸின் பிள்ளைகள் தங்களுக்குள் இருப்பவற்றின் மார்ஜினை வெளியே விடுவதில்லை. பக்கத்தைச் சுற்றியே வெள்ளைச் சட்டம் தெரிந்தால் அது பாடிக்கு பிரௌசர் வைக்கும் 8 பிக்சல் மார்ஜின்.

ஃபுட்டர் பத்திகளுக்கு (பக்கம் பக்கமாக நிற்கும் பிரிவுகளுக்கு) மீடியா குவெரி, அதாவது திரை அளவுக்கேற்ற தனி விதிகள், எழுதாமலே முடிக்கலாம். டிஸ்ப்ளே கிரிட், பத்திகளுக்கு ரிபீட், ஆட்டோ-ஃபிட், அதற்குள் மின்மேக்ஸ் 14ரெம், 1எஃப்ஆர். இடம் இருந்தால் நான்கு பத்தி, குறைந்தால் இரண்டு, மொபைலில் ஒன்று. ஏதாவது ஒரு பத்தி மட்டும் அடங்காமல் துருத்தினால் அதில் நீளமான மின்னஞ்சல் முகவரி இருக்கும். 'ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர்' போடுங்கள். மின்மேக்ஸ் இல்லாமல் வெறும் 1எஃப்ஆர் எழுதிய பத்திகளில் பிரேக்-வேர்ட் போதாது, பத்தியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த முறிவை பிரௌசர் சேர்த்துக்கொள்ளாது.

இத்தனையும் செய்தும் ஒரு வரி மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்த எலிமெண்டை ஃபயர்பாக்ஸ் டெவ்டூல்ஸில் திறங்கள். பலன் தராத பண்பைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கி, ஏன் பலனில்லை என்பதையும் பக்கத்திலுள்ள குறியில் சொல்லும். பேரன்ட் ஃப்ளெக்ஸாக இல்லாத இடத்தில் ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்க் எழுதியிருந்தால் அதையே சொல்லும். ஓவர்ஃப்ளோவை உண்டாக்கும் எலிமெண்டுக்கு அருகில் தனி அடையாளமும் காட்டும். முதலில் ஹெடரில் ஃப்ளோட், ஓவர்ஃப்ளோ ஹிடன் இருந்தால் எடுத்துவிட்டு மெனுவை ஃப்ளெக்ஸுக்கு மாற்றுங்கள், பிறகு ஸ்லைடரின் இஸட்-இண்டெக்ஸ், அதன் பிறகே ஃபுட்டர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.